குறி மேல்வீட்டுக்கு, தீ கீழ்வீட்டுக்கு: பழி யார் மேல்?

கேள்வி: மேடம், சென்னையின் தெற்குப் புறநகரில் எட்டு வீடுகள் கொண்ட அப்பார்ட்மென்டில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். சொந்த வீடு, லோன் இன்னும் ஓடுகிறது. அசோசியேஷன் செயலாளரும் நான்தான். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் ரிட்டயர்டு என்ஜினியர். ஏரி ஆக்கிரமிப்பு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவது, கோர்ட்டுக்குப் போவது, யூடியூபில் ஆதாரம் காட்டிப் பேசுவது என்று இருப்பவர். பேர் சொல்லித்தான் பேசுவார். போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு பைக்கில் வந்த இரண்டு பேர் பெட்ரோல் பாட்டிலைக் கொளுத்தி வீசிவிட்டுப் போனார்கள். அது அவர் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்ற, எதிர்வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டி எரிந்துபோனது. சூட்டில் எங்கள் ஜன்னல் கண்ணாடி வெடித்து உள்ளே விழுந்தது. பத்தாவது படிக்கும் என் மகள் அந்த ரூமில்தான் தூங்குவாள். அன்றைக்குப் பாட்டி வீட்டில் இருந்தாள். பிறகுதான் தெரிகிறது, பதினைந்து நாள் முன்பே அவருக்கு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "கொஞ்ச நாள் வீடியோ போடாம இருங்க சார்" என்று அனுப்பிவிட்டார்களாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டு ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பு என்று எல்லோரும் என்னை நெருக்குகிறார்கள். தண்ணீரை நிறுத்தினால் தானாகப் போவார் என்கிறார் ஒருவர். அவர் ஊருக்கு நல்லதுதான் செய்கிறார், சரி. அதற்கு என் பிள்ளை ஏன் விலை கொடுக்க வேண்டும்? அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?

பெயர், ஊர் வேண்டாம்.

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்குச் சட்டம் சுற்றி வளைக்காமல் பதில் வைத்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டில் வீசியவர்கள் பிடிபட்டால், "நாங்கள் குறிவைத்தது மாடியில் இருப்பவரை, கீழே இருந்த பெண் எங்கள் கணக்கிலேயே இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. ஒருவரைக் கொல்ல நினைத்துச் செய்த காரியத்தில் வேறொருவர் இறந்தாலும், குறிவைத்தவரே இறந்திருந்தால் என்ன குற்றமோ அதே குற்றம்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 301-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 102-ஆம் பிரிவு. அடி யார் மேல் தவறி விழுந்தாலும் குற்றம் அடித்தவன் கணக்கிலேயே நிற்கும். நடுவில் மேல்வீட்டுக்காரர் பெயரே வராது.

இது உங்களுக்குப் போதாது என்று தெரியும். "வீசியவன் குற்றவாளி, அது யாருக்குத் தெரியாது? ஆனால் இவருக்கு முன்பே தெரியும் அல்லவா? தெரிந்துகொண்டே எங்கள் நடுவில் இருந்தாரே!" என்பதுதான் உங்கள் மனதில் உள்ள கேள்வி. இதுபோன்ற விவகாரங்களோடு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதும் இதுதான். நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட.

1882-இல் இங்கிலாந்தில் பியட்டி எதிர் கில்பேங்க்ஸ் என்றொரு வழக்கு. சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பினர் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அவர்கள் போகும்போதெல்லாம் எதிர்க்கூட்டம் ஒன்று வந்து அடிதடி செய்யும், தெருவே ரணகளமாகும். ஊர்வலம் போனால் கலவரம் வரும் என்று ஊர்வலக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் போனார்கள், வழக்கு அவர்கள் மேல் பாய்ந்தது. சட்டப்படி ஒரு காரியத்தைச் செய்கிறவரை, அதைப் பார்த்து இன்னொருவன் சட்டத்தை மீறுவான் என்ற காரணத்துக்காகக் குற்றவாளியாக்க முடியாது என்று அந்த வழக்கில் தீர்ப்பானது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், நம் ஊர்க் கதையே இருக்கிறது. இடஒதுக்கீட்டைப் பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்குக் கொடுத்த தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் வன்முறை வரும் என்பது எதிர்த்தரப்பின் முக்கியமான வாதம். 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஊர்வலம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்கினால், அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டுகிறவனிடம் சரணடைவதாகும் என்றார்கள். கருத்துச் சுதந்திரத்தைக் காப்பாற்ற அரசு முன்வராவிட்டால் அந்தச் சுதந்திரத்தால் என்ன பயன் என்றும் கேட்டார்கள். தியேட்டருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் அப்போது உங்களைப் போலவே பயம் இருந்திருக்கும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையை நீதிமன்றம் அரசின் தலையில்தான் வைத்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். உங்கள் அசோசியேஷன் அம்பைக்கூட விட்டுவிட்டு, எய்யப்பட்டவரை நோகிறது.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் அண்டை வீட்டுக்காரர்கள் ஜெயித்த வழக்கும் உண்டு. நெதர்லாந்தில் ஐயான் ஹிர்சி அலி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். இஸ்லாத்தைக் கடுமையாக விமர்சித்தவர், கொலைமிரட்டல் ஓயாமல் இருந்தது. அவரோடு சேர்ந்து குறும்படம் எடுத்த தியோ வான் கோ 2004 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் தெருவில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். பிறகு ஹேக் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அரசு அவரைக் குடிவைத்தது. அண்டை வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். எங்கள் பாதுகாப்பு போய்விட்டது, நிம்மதி போய்விட்டது, வீட்டின் விலையும் இறங்கிவிட்டது என்றார்கள். (விலை விஷயத்தை உங்கள் அசோசியேஷனிலும் யாராவது இதற்குள் பேசியிருப்பார்கள்.) கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2006 ஏப்ரலில் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அண்டை வீட்டாரின் தனிவாழ்க்கை உரிமை பாதிக்கப்படுகிறது, நான்கு மாதத்துக்குள் அவர் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

உங்கள் மீட்டிங்கில் யாராவது இந்த வழக்கைக் காட்டி, "பாருங்கள், ஐரோப்பாவிலேயே காலி பண்ண வைத்தார்கள்" என்று சொன்னால், அவர்கள் வழக்குப் போட்டது யார் மேல் என்று திருப்பிக் கேளுங்கள். அரசு மேல். எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டது நீ, பதில் சொல் என்று அரசைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். அந்த மட்டில் அவர்கள் செய்தது முழுக்கச் சரி. அண்டை வீட்டாரின் பயத்துக்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டதும் சரி. பரிகாரம்தான் கோணல் என்பது என் எண்ணம். அரசு செய்த தவறுக்கு, மிரட்டப்பட்டவர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

இன்னொரு வித்தியாசத்தையும் சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாது. 1982-இல் பாண்டி பஜாரில் ஈழ இயக்கங்களின் தலைவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். 1986 நவம்பரில் சூளைமேட்டில் இயக்கக்காரர்களோடு ஏற்பட்ட தகராறில் உள்ளூர் இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கம் சக்காரியா காலனியில், குடும்பங்கள் வாழும் குடியிருப்புக்குள்ளேயே, ஈழ இயக்கங்களில் ஒன்றான ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் கூட இருந்த பத்துக்கு மேற்பட்டவர்களும் கொல்லப்பட்டார்கள். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம், நான் பிரித்துப் பார்க்கிறேன். முதல் இரண்டில் ஆபத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது, தெருவில் இருந்தவர்கள் கையிலிருந்த துப்பாக்கி. ஆயுதத்தோடு குடிவந்தவன், "என் எதிரி செய்ததற்கு நான் என்ன பண்ணுவேன்" என்று கேட்க முடியாது. கோடம்பாக்கத்தில் செத்தவர்களும் ஆயுத இயக்கத்துக்காரர்கள்தான். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததற்குப் பழி, தேடி வந்து கொன்றவர்கள் மேல். உங்கள் மேல்வீட்டுக்காரர் கையில் என்ன இருக்கிறது? தகவல் உரிமை மனுவின் நகலும் ஒரு கேமராவும்.

ஆயுதம் வைத்திருந்தவர்கள் மேல் எழுந்த பயம் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்த ஊரில் எந்த இயக்கத்தோடும் சம்பந்தமே இல்லாத ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு வீடு கேட்டு எத்தனை கேட்டில் நின்றார்கள் என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவரைத் தள்ளிவைக்கப் பழகிய தெரு அவரோடு நிறுத்திக்கொள்வதில்லை.

இத்தனையும் சொன்னதால் மேல்வீட்டுக்காரர் மேல் தவறே இல்லை என்று நினைக்க வேண்டாம். மொட்டைக் கடிதம் வந்தது. அதை அவர் எங்கே காட்ட வேண்டுமோ அங்கே காட்டினார். ஆனால் அதே படிக்கட்டில் தினமும் இறங்கி ஏறிய பதினைந்து நாளும் உங்களிடம் சொல்லவில்லை. அது தவறு, அதை அவரிடம் நேராகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சொல்லியிருந்தால் மகளின் கட்டிலை உள் ரூமுக்கு மாற்றியிருப்பீர்கள். ஸ்கூட்டி வேறு இடத்தில் நின்றிருக்கும். கேட்டில் எரியாத லைட்டுக்கு யாராவது பல்பு போட்டிருப்பார்கள். பேச வேண்டாம் என்று அவரிடம் சொல்லும் உரிமை அண்டை வீட்டாருக்குக் கிடையாது. "உன்னைத் தேடி வருகிறார்கள் என்றால் எங்களுக்கும் சொல்" என்று கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டீர்களா? என் அனுபவத்தில் இப்படி மறைப்பவர்கள் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சொன்னால் வீடு போய்விடும். அறுபது வயதுக்கு மேல், பென்ஷனில், தனியாக இருப்பவருக்கு இந்த ஊரில் வாடகை வீடு கிடைப்பது லேசில்லை. மிரட்டல் உள்ள ஆள் என்று தெரிந்தால் புரோக்கர் போனையே எடுக்க மாட்டார். இப்போது நீங்கள் நோட்டீஸ் அனுப்பினால் அவர் பயந்தது சரி என்று ஆகிறது. அடுத்த தெருவில் இதே நிலைமையில் இருக்கும் இன்னொருவர், தனக்கு வந்த கடிதத்தை இன்னும் ஆழமாக ஒளித்துவைப்பார். அவர் வீட்டுக்குக் கீழேயும் ஒரு குழந்தை தூங்கும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது, "கொஞ்ச நாள் வீடியோ போடாம இருங்க சார்" என்ற அந்த வரி. வீசியவனுக்கு அடுத்தபடியாகப் பழி எங்கே நிற்கிறது என்று கேட்டால் நான் அங்கேதான் கை காட்டுவேன். கடிதம் கையில் வந்துவிட்டது, ஆள் யார், வீடு எது என்று தெரியும். எஃப்.ஐ.ஆர். போடாததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். ராத்திரி ரோந்து வண்டியை அந்தத் தெரு வழியாக இரண்டு முறை விட எந்த எஃப்.ஐ.ஆரும் தேவையில்லை. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடக்காமல் தடுப்பது காவல் அதிகாரியின் கடமை என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவே சொல்கிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1998-இல் ஆஸ்மன் வழக்கில் ஓர் அளவுகோல் வைத்தது: குறிப்பிட்ட ஒருவரின் உயிருக்கு உண்மையான, உடனடியான ஆபத்து இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தங்களால் முடிந்த நடவடிக்கையை எடுக்காவிட்டால் அரசு பொறுப்பு. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, அருணாசலப் பிரதேசத்தில் சக்மா மக்களை ஊரைவிட்டுப் போகச் சொல்லி மாணவர் அமைப்பு ஒன்று கெடு வைத்த வழக்கில், எந்தக் கூட்டமும் யாரையும் மிரட்டி வெளியேற்றுவதை அரசு பார்த்துக்கொண்டிருக்க முடியாது, குடிமகனோ இல்லையோ ஒவ்வோர் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது.

"கொஞ்ச நாள் சும்மா இருங்க" என்பது நம் நிர்வாகத்தில் பழைய வைத்தியம். 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. கடையை மூட வேண்டி வந்த வியாபாரிக்கு அன்றைக்கு யார் மேல் கோபம் வந்திருக்கும்? பெரும்பாலும் எழுத்தாளர் மேல்தான். நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று உட்கார வைத்து அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அடுத்து, எழுத்தாளர் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. ஒன்றரை வருடம் கழித்துத்தான் சட்டம் அவர் பக்கம் வந்து நின்றது. 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே கல்குவாரிகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலிக்கு அந்த ஒன்றரை வருடம்கூடக் கிடைக்கவில்லை. லாரி மோதிக் கொல்லப்பட்டார்.

இனி நோட்டீஸ் விஷயம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒருவரைக் காலி செய்ய வைக்கக் குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும்: ஒப்பந்தம் இல்லாதது, வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியது, சொந்தத் தேவை இப்படி. வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவரும் வீட்டு ஓனர்தான், அசோசியேஷன் இல்லை. வாடகைதாரருக்கு மிரட்டல் வந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தண்ணீரை நிறுத்தலாம் என்றவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அத்தியாவசிய வசதியைத் துண்டிப்பதை இந்தச் சட்டம் நேரடியாகத் தடுக்கிறது. வழக்கு வந்தால், செயலாளர் என்ற முறையில் முதல் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும். "வீடியோவை நிறுத்து, இல்லையென்றால் காலி பண்ணு" என்று எழுதும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். பாட்டில் வீசியவர்கள் கேட்டதும் அதைத்தானே? அவர்களுக்காக நீங்கள் ஏன் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுக்க வேண்டும்?

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பரீட்சை முடியும்வரை மகள் பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும் என்று தோன்றினால் அனுப்புங்கள், யாரும் உங்களைக் கோழை என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் சிசிடிவி. கேமரா காட்சியைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். கருவிகள் பெரும்பாலும் சில வாரத்தில் பழைய பதிவை அழித்து எழுதிவிடும். சம்பவம் போன மாதம் என்பதால் இதைப் படித்ததும் எழுந்து போய்ப் பாருங்கள். இருந்தால் நகல் எடுத்து, கருவியையும் அப்படியே வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அது செல்ல வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எதிர்க்கடை, எதிர்வீட்டு கேமராக்களையும் கேளுங்கள்.

அடுத்து, தனியாக ஒரு புகார். அவர் கொடுத்தது அவருடைய மிரட்டலுக்கு. எரிந்தது எதிர்வீட்டுப் பெண்ணின் வண்டி, உடைந்தது உங்கள் ஜன்னல், பாதிக்கப்பட்டவர்கள் நீங்களும்தான். தீவைத்து நாசம் செய்தது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டிய குற்றம். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த 2013 தீர்ப்புக்குப் பிறகு எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆரோடு அனுப்ப அவர்களுக்கு வழியில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை எதிர்வீட்டுப் பெண்ணிடமும் கொடுங்கள். அவருடைய பாலிசி முழுக்காப்பீடாக இருந்தால் தீயும் வேண்டுமென்றே செய்த நாசமும் அதில் வரும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வராது.

அந்தப் புகாரில் மொட்டைக் கடிதத்தின் தேதி, பழைய சி.எஸ்.ஆர். நம்பர், அன்றைக்கு அவருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை மூன்றையும் எழுதுங்கள். அவரிடம் சி.எஸ்.ஆர். நகலைக் கேட்கும்போதே, கடிதத்தை மறைத்ததற்கு உங்கள் கோபத்தையும் சொல்லிவிடுங்கள். இனி எது வந்தாலும் அன்றைக்கே எட்டு வீட்டுக்கும் சொல்வதாக அவர் ஒப்புக்கொள்ளட்டும். ரோந்து, கேட்டில் சில வாரங்களுக்குக் காவலர் என்று பாதுகாப்பைக் கட்டடம் முழுக்கக் கேளுங்கள், அவருக்கு மட்டும் கேட்காதீர்கள். பைக்கைப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் அவர்களும் சாட்சிகள்தான். உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட 2018-ஆம் ஆண்டின் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் அவர்களும் குடும்பத்தாரும் மனுச் செய்யலாம். உதவி ஆணையர் நிலையில் ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை வாங்கி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும். கேமரா பொருத்துவது, ரோந்து எல்லாம் அந்தத் திட்டத்திலேயே உண்டு.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் அதே புகாரைத் துணை ஆணையருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றத்திலும் மனு போடலாம். அதற்கு வக்கீல் செலவு தாங்காது என்றால் இலவச சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். மனுதாரராக எதிர்வீட்டுப் பெண்ணை முதலில் போடுங்கள்.